மலை ரோட்டுல ஓடற பிக்கப்புக்கு முன் பிரேக் காலிப்பரை வீட்டுலயே மாத்தறது எப்படி: முழு வழிகாட்டி

ஊட்டி, குன்னூர், கோத்தகிரி பக்கம் பிக்கப் வச்சிருக்கறவங்களுக்கு பிரேக்குங்கறது சர்வீஸ் விடறப்ப மட்டும் நினைச்சுக்கற விஷயம் இல்லைங்க. கேரட், பீட்ரூட், முட்டைகோஸ்னு ஏத்திக்கிட்டு மேட்டுப்பாளையம் மண்டிக்கு விடியறதுக்குள்ள இறங்கணும், இல்லன்னா பச்சை இலை மூட்டையை ஏத்திக்கிட்டு எஸ்டேட் ரோட்டுல ஃபேக்டரிக்கு போகணும், ரெண்டுலயும் காலு பிரேக் மேலதான் இருக்கும். ஒரு சின்ன கணக்கு சொல்றேன். ஊட்டி சுமார் 2240 மீட்டர் உயரம், மேட்டுப்பாளையம் 330 மீட்டர் கிட்ட. லோடோட சேத்து 3 டன் இருக்கற வண்டி அந்த 1900 மீட்டர் இறங்கி முடிக்கறப்ப அது இழக்கற சக்தி கிட்டத்தட்ட 15 யூனிட் கரண்டுக்கு சமம். அதுல ஒரு பங்கை இன்ஜின் இழுத்துப் பிடிச்சுக்கும், கொஞ்சம் காத்துலயும் டயர்லயும் போகும், மிச்சம் பூராவும் டிஸ்க்லயும் டிரம்லயும் சூடாத்தான் இறங்கணும். அந்த சூட்டை நேருக்கு நேர் வாங்கறது முன்னாடி காலிப்பர், அதாவது ஆயில் பிரஷர்ல பிஸ்டனை தள்ளி, பேடால டிஸ்க்கை ரெண்டு பக்கமும் கவ்விப் பிடிக்கற பாகம்.

அதுக்கு மேல நம்ம ஊரு ஈரம். ஜூன்ல ஆரம்பிச்சா தென்மேற்கு மழை, அது முடிஞ்சா வடகிழக்கு, நடுவுல மிஸ்ட், டிசம்பர் ஜனவரியில உறைபனி. கீழ ஓடற வண்டியில வருசக்கணக்கா நல்லா இருக்கற ஸ்லைடு பின் (காலிப்பர் முன்னும் பின்னும் நகர்றதுக்கு உதவற கம்பி) இங்க துருப்பிடிச்சு சீக்கிரமே இறுகிடுது. அதனால இந்த வேலையை கத்து வச்சுக்கறது நல்லது. கையில ஓரளவு ஸ்பானர் பழக்கம் இருக்கறவங்க, வீல் கழட்டி மாட்டி பேட் மாத்தி பாத்தவங்க, இதை தாராளமா செய்யலாம். அந்தப் பழக்கமே இல்லன்னா முதல் தடவை தெரிஞ்ச மெக்கானிக் ஒருத்தரை பக்கத்துல வச்சுக்கிட்டு செய்யுங்க, பிரேக்ல தனியா பரிசோதனை வேண்டாம். இங்க சொல்றது பெரும்பாலான பிக்கப்புல இருக்கற முன்னாடி டிஸ்க், பின்னாடி டிரம் அமைப்புக்கு. போல்ட் சைஸ், டைட் அளவு எல்லாம் வண்டிக்கு வண்டி மாறும், அதை உங்க வண்டியோட சர்வீஸ் மேனுவல்ல பாத்துக்கங்க.

முதல்ல காலிப்பர்தான் கோளாறான்னு உறுதி பண்ணுங்க

நிறைய பேர் காசை வீணாக்கறது இங்கதான். வீல் சூடாகுது, பிரேக் பிடிச்சுக்கிட்டே இருக்குன்னு சொன்ன உடனே காலிப்பர் ஜாம்னு முடிவு பண்ணி புதுசு வாங்கிடறாங்க, மாட்டினதுக்கு அப்புறமும் அதே கதை. காலிப்பரே தப்பு பண்ணாம அதுக்கு வர்ற ரப்பர் ஹோஸ் உள்பக்கமா உப்பி வழியை அடைச்சிருக்கலாம். பெடலை மிதிக்கறப்ப நம்ம காலு பலத்துல ஆயில் உள்ள போயிடும், காலை எடுத்தா திரும்பி வர வழி இருக்காது, பிஸ்டன் அப்படியே பேடை அமுக்கிக்கிட்டே நிக்கும். வெளிய இருந்து பாத்தா ஹோஸ் நல்லாத்தான் தெரியும்.

இதை கண்டுபிடிக்க ஒரு சோதனை இருக்கு. வண்டியை கொஞ்ச தூரம் ஓட்டி, அந்த வீல் பிடிச்சிருக்கறப்பவே முன்பக்கத்தை தூக்கி ஸ்டாண்டுல வச்சு, வீலை கையால சுத்திப் பாருங்க, டைட்டா இருக்கும். இப்ப காலிப்பர்ல இருக்கற ப்ளீடர் நிப்பிளை (ஆயிலையும் காத்தையும் வெளிய விடற சின்ன திருகு) அரை சுத்து திறங்க. சர்ருன்னு ஆயில் பீச்சி வீல் உடனே ஃப்ரீ ஆயிட்டா, உள்ள பிரஷர் மாட்டிக்கிட்டு இருந்திருக்குன்னு அர்த்தம், காலிப்பர் மேல குத்தம் இல்ல. நிப்பிளை திறந்தும் வீல் அப்படியே இறுக்கமா இருந்தா பிஸ்டனோ ஸ்லைடு பின்னோ மெக்கானிக்கலா இறுகியிருக்கு, அது காலிப்பர் வேலைதான். பிரஷர் மாட்டியிருந்ததுன்னு தெரிஞ்சா நிப்பிளை மூடிட்டு, பெடலை மிதிச்சு மறுபடி பிடிக்க வச்சு, இந்த தடவை ஹோஸுக்கு மேல இரும்பு பைப் சேர்ற ஜாயிண்டை லேசா லூஸ் பண்ணிப் பாருங்க. அங்க திறந்தா வீல் ஃப்ரீ ஆகல, நிப்பிள்ல திறந்தா மட்டும் ஆகுதுன்னா நடுவுல இருக்கற ஹோஸ்தான் அடைப்பு. மேல திறந்தாலே ஃப்ரீ ஆகுதுன்னா கோளாறு இன்னும் மேல, பெடலை மிதிச்சா ஆயிலை தள்ளற மாஸ்டர் சிலிண்டர் பக்கம். ரெண்டு முன் வீலும் ஒரே மாதிரி பிடிச்சா மாஸ்டர் சிலிண்டரைத்தான் முதல்ல சந்தேகப்படணும். இந்த சோதனை முடிஞ்சதும் அந்த லைன்ல ஏர் எடுத்தாகணும், அதாவது உள்ள போன காத்தை வெளிய தள்ளணும், மறந்துடாதீங்க.

பேடும் கதை சொல்லும். உள்பக்க பேட் தேஞ்சு இரும்பு தெரியுது, வெளிப்பக்க பேட் பாதி கூட தேயலன்னா ஸ்லைடு பின் இறுகி காலிப்பர் நகராம நிக்குதுன்னு நினைக்கலாம். ஒரே பேட் ஒரு முனையில மெலிசாவும் மறு முனையில தடிப்பாவும் சாய்வா தேஞ்சிருந்தா ஒரு பின் மட்டும் ஒட்டியிருக்கும். பிரேக்கே போடாம ஓட்டறப்ப வண்டி ஒரு பக்கம் இழுத்துக்கிட்டே இருந்தா அந்தப் பக்கம் பிடிச்சிருக்கு, பிரேக் போடறப்ப மட்டும் இழுத்தா எதிர்ப்பக்க காலிப்பர் வேலை செய்யலையான்னு பாருங்க. பிஸ்டனைச் சுத்தி இருக்கற ரப்பர் உறை (டஸ்ட் பூட்) கிழிஞ்சு சுத்தி ஈரமா இருந்தா மேற்கொண்டு யோசிக்கவே வேண்டாம், ஆயில் கசியுது.

ஸ்லைடு பின் மட்டும் இறுகியிருந்தா கழட்டி சுத்தம் பண்ணி கிரீஸ் போட்டாலே போதும், முழு காலிப்பர் தேவையில்ல. பிஸ்டன்ல துருப்புள்ளி விழுந்து குழி குழியா இருந்தா சீல் கிட் மாத்தறது தற்காலிகம்தான், அந்தக் குழி புது சீலையும் கிழிச்சுடும். மலையில லோடு அடிக்கற வண்டிக்கு அந்த இடத்துல புது காலிப்பர்தான் போடணும்னு நான் சொல்வேன்.

என்னென்ன வாங்கணும், என்ன வேணும்

காலிப்பர் ரெண்டு பக்கமும் சேத்து மாத்தறது நல்லது, பட்ஜெட் இடிச்சா ஒண்ணு மட்டும் மாத்தலாம், ஆனா பேட் மட்டும் எப்பவும் ரெண்டு பக்கமும் ஜோடியாத்தான். ஹோஸ் பழசுன்னா இப்பவே ரெண்டும் மாத்திடுங்க, மறுபடி ஏர் எடுக்கற வேலை மிச்சம். ஹோஸை காலிப்பரோட சேக்கற பாஞ்சோ போல்டுக்கு புது காப்பர் வாஷர் கட்டாயம், ஒரு பக்கத்துக்கு ரெண்டு. பழைய வாஷர் ஒரு தடவை நசுங்கினது, மறுபடி சரியா உக்காராது, அஞ்சு பத்து ரூபா சாமானுக்காக ஆயில் கசிய விடாதீங்க. பேட் கிளிப் செட்டும் புதுசா வாங்குங்க. காலிப்பர்ல டூப்ளிகேட் நிறைய சுத்துது, விலை ரொம்ப கம்மியா சொன்னா வாங்காதீங்க, பில்லோட வாங்குங்க, பழசை கையில எடுத்துட்டுப் போய் பக்கத்துல வச்சு பிஸ்டன் எண்ணிக்கை, போல்ட் ஓட்டை, ஹோஸ் சேர்ற இடம் எல்லாம் ஒத்துப் பாருங்க.

பிரேக் ஆயில் விஷயத்துல ரிசர்வாயர் (பிரேக் ஆயில் இருக்கற டப்பா) மூடி மேல என்ன போட்டிருக்கோ அதுதான். பெரும்பாலும் டாட் 3 இல்லன்னா டாட் 4 இருக்கும். தரக்கணக்குப்படி புது டாட் 3 குறைஞ்சது 205 டிகிரியில கொதிக்கும், தண்ணி உறிஞ்சினதுக்கு அப்புறம் 140க்கு இறங்கிடும். டாட் 4 புதுசா 230, ஈரம் சேந்தா 155. இந்த ஆயில் காத்துல இருக்கற ஈரத்தை தானா இழுத்துக்கற ஜாதி, நம்ம மிஸ்ட்டுக்கு சொல்லவே வேணாம். ஈரம் சேந்த ஆயில் இறக்கத்துல கொதிச்சு ஆவி ஆனா பெடல் திடீர்னு தரை வரைக்கும் போயிடும், அதுதான் மலையில பல விபத்துக்கு ஆரம்பம். அதனால டாட் 3 போட்ட வண்டிக்கு டாட் 4 ஊத்தலாம், ரெண்டும் ஒரே குடும்பம். ஆனா டாட் 5ன்னு தனியா வர்ற சிலிக்கான் ஆயிலை கலந்துடாதீங்க, அது வேற ஜாதி. டின் சீல் உடையாம இருக்கணும், போன மழைக்கு திறந்து வச்ச மிச்ச ஆயில் வேண்டவே வேண்டாம்.

டூல்ஸ்னா வீல் ஸ்பானர், சாக்கெட் செட், ப்ளீடருக்கும் பைப்புக்கும் ரிங் ஸ்பானர், டார்க் ரெஞ்ச் (டைட் அளவு காட்டற ஸ்பானர்), கம்பி பிரஷ், எமரி பேப்பர், கட்டுக்கம்பி, பிரேக் கிளீனர் ஸ்ப்ரே, பிரேக்குக்குன்னே வர்ற சிலிக்கான் கிரீஸ், நிப்பிள்ல டைட்டா உக்கார்ற மாதிரி ஒரு டிரான்ஸ்பரன்ட் டியூப். ஆயில் பிடிக்க பிளாஸ்டிக் தண்ணி பாட்டில் நம்ம மாவட்டத்துல தடை, வீட்டுல இருக்கற கண்ணாடி ஜாம் பாட்டில் அதை விட நல்லது, அசையாம நிக்கும். சாதாரண வீல் கிரீஸை ஸ்லைடு பின்ல போடாதீங்க, பெட்ரோலியம் கிரீஸ் ரப்பரை உப்ப வச்சு ஆறே மாசத்துல பின்னை மறுபடி இறுக்கிடும். டீசல், மண்ணெண்ணெய் வச்சு கழுவறதும் அதே ஆபத்துதான்.

வண்டியை எங்க நிறுத்தறது

மலையில வேலை செய்யறவங்களுக்கு இதுதான் முதல் பிரச்சனை. வீட்டு வாசல் பெரும்பாலும் சரிவு. சரிவுல வண்டியை ஜாக்கியில தூக்கவே தூக்காதீங்க, இதுல விட்டுக்கொடுக்க ஒண்ணும் இல்ல. கோயில் முன்னாடி மைதானம், ஃபேக்டரி யார்டு, தெரிஞ்சவங்க ஷெட்டுன்னு சமதளமா ஒரு இடம் கேட்டு வாங்கிக்கங்க. லோடு இறக்கிடணும். முதல் கியர் போட்டு, ஹேண்ட் பிரேக் போட்டு, ரெண்டு பின் வீலுக்கும் முன்னாடியும் பின்னாடியும் கட்டை வச்சு அடிச்சு டைட் பண்ணுங்க. தரை ஈர மண்ணா இருந்தா ஜாக்கிக்கு அடியில தடிப்பான பலகை போடணும், இல்லன்னா வண்டி எடைக்கு ஜாக்கி சாஞ்சு இறங்கும்.

வீல் நட்டை தரையில இருக்கறப்பவே ஒரு கால் சுத்து லூஸ் பண்ணிட்டு அப்புறம் தூக்குங்க. சேசிஸ்ல சரியான இடத்துல ஸ்டாண்டு ரெண்டும் வச்சு இறக்கி, கையால வண்டியை நல்லா தள்ளி ஆட்டிப் பாருங்க. கழட்டின வீலை சேசிஸுக்கு அடியில படுக்க வச்சா இன்னொரு பாதுகாப்பு. செங்கல், ஹாலோ பிளாக் மேல வண்டியை நிறுத்தறதை இங்க அடிக்கடி பாக்கறேன். ஹாலோ பிளாக் முன்னறிவிப்பே இல்லாம நொறுங்கும்ங்க, கீழ ஒரு ஆளு படுத்திருப்பாரு, தயவு செஞ்சு அதை செய்யாதீங்க.

மழை தூறினா மேல தார்ப்பாய் கட்டுங்க. ஆயில் டின், ரிசர்வாயர் மூடி எதையும் தேவையில்லாம திறந்து வைக்காதீங்க.

கழட்டறது

ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஒரு போட்டோ எடுத்துக்கங்க, ஹோஸ் எந்தப் பக்கமா வளையுது, கிளிப் எப்படி உக்காந்திருக்கு, நிப்பிள் எங்க இருக்குன்னு எல்லாம் தெரியற மாதிரி. ஒரு பக்கத்தை முழுசா முடிச்சிட்டு அடுத்த பக்கத்துக்கு போனா, சந்தேகம் வந்தா எதிர்ப்பக்கத்தைப் பாத்து தெளிவாகலாம்.

ஸ்டீயரிங்கை வெளிப்பக்கமா திருப்பி வச்சா காலிப்பர் பின்பக்கம் கைக்கு நல்லா எட்டும். துருப்பிடிச்ச போல்டுக்கெல்லாம் முந்தின நாள் ராத்திரியே துரு எடுக்கற ஸ்ப்ரே அடிச்சு ஊற விடுங்க. தூசியை வாயால ஊதாதீங்க, ஏர் கம்ப்ரசர் வச்சும் அடிக்காதீங்க, பழைய பேட்ல ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், அது நுரையீரலுக்கு விஷம். மாஸ்க் போட்டுக்கிட்டு பிரேக் கிளீனர் அடிச்சு ஈரமாக்கி துடைச்சு எடுங்க.

ஹோஸை கழட்டினா மேல ரிசர்வாயர்ல இருந்து ஆயில் சொட்டிக்கிட்டே இருக்கும், கவனிக்காம விட்டா முழுசா வத்தி மாஸ்டர் சிலிண்டருக்குள்ளயே ஏர் ஏறிடும். அதை தடுக்க, பெடலை கையால ஒரு ரெண்டு அங்குலம் அழுத்தி, சீட்டுக்கும் பெடலுக்கும் நடுவுல ஒரு குச்சியை முட்டுக் கொடுத்து வச்சுடுங்க. பெடல் லேசா உள்ள போனதும் மாஸ்டர் சிலிண்டர்ல ரிசர்வாயருக்கு போற சின்ன ஓட்டை மூடிக்கும், சொட்டறது நின்னுடும். பிரேக் லைட் எரிஞ்சுக்கிட்டே இருக்கும், அதனால பேட்டரி நெகட்டிவை கழட்டிடுங்க.

காலிப்பர் இன்னும் வண்டியிலயே இருக்கறப்ப பாஞ்சோ போல்டை ஒரு தடவை லூஸ் பண்ணி மறுபடி லேசா டைட் வச்சுக்கங்க. கழட்டினதுக்கு அப்புறம் கையில பிடிச்சுக்கிட்டு அதை லூஸ் பண்றது பெரிய போராட்டம். சில வண்டியில பாஞ்சோ இல்லாம ஹோஸே நேரா காலிப்பர்ல மரையில ஏறியிருக்கும், அப்படின்னா மேல் பைப் ஜாயிண்டை முதல்ல கழட்டி, கிளிப்பை எடுத்துட்டு, ஹோஸை முறுக்காம சுத்தி எடுக்கணும். அடுத்து ஸ்லைடு பின் போல்ட் ரெண்டையும் கழட்டி காலிப்பரை தூக்குங்க. ஹோஸ்ல தொங்க விடாதீங்க, கட்டுக்கம்பி வச்சு ஸ்பிரிங்ல கட்டி நிறுத்துங்க. பாஞ்சோ போல்டை முழுசா எடுத்து ஹோஸை பிரிச்சு, பேட், கிளிப் எல்லாம் எடுத்துட்டு, கடைசியா காலிப்பரைத் தாங்கற பிராக்கெட்டோட போல்ட் ரெண்டு. இது ரொம்ப டைட்டா இருக்கும், நீளமான கைப்பிடி வேணும், ஆனா ஸ்டாண்டுல நிக்கற வண்டியை உலுக்கற மாதிரி இழுக்காதீங்க, கையை நிதானமா பலம் கொடுத்து சுத்துங்க.

டிஸ்க்கை இப்பவே பாத்துடுங்க. ஓரத்துலயோ நடுவுலயோ குறைஞ்சபட்ச தடிப்பு எவ்வளவுன்னு பொறிச்சிருக்கும், மைக்ரோமீட்டர் வச்சு அளந்து அதுக்கு கீழ போயிருந்தா மாத்தியே ஆகணும், லேத்ல கொடுத்து இன்னும் மெலிசாக்கக் கூடாது. மெலிசான டிஸ்க் சீக்கிரம் சூடேறும், மலைக்கு அது ஆகாது. நீலம் பூத்த மாதிரி கறையும், முடி மாதிரி கீறல் விரிசலும் தெரிஞ்சா அதுவும் மாத்த வேண்டியதுதான்.

மாட்டறது

பிராக்கெட் பழசையே போடறீங்கன்னா கிளிப் உக்கார்ற இடத்தை கம்பி பிரஷ் வச்சு பளிச்சுன்னு வர்ற வரைக்கும் தேயுங்க. கிளிப்புக்கு அடியில துரு பொங்கி பேடை நெருக்கிப் பிடிக்கும், புது காலிப்பர் போட்டும் வீல் சூடாகறதுக்கு இது ஒண்ணே போதும். ஸ்லைடு பின் ரெண்டும் ஒரே மாதிரி இல்லாம இருக்கலாம், ஒண்ணுல முனையில ரப்பர் இருக்கும், எது மேல எது கீழன்னு மாத்திடாதீங்க. சிலிக்கான் கிரீஸ் மெலிசா பூசி உள்ள விட்டு, கையால இழுத்தாலும் தள்ளினாலும் தடங்கல் இல்லாம நழுவணும்.

இப்ப முக்கியமான இடம். காலிப்பர்ல இடது வலது இருக்கு. மாட்டினதுக்கு அப்புறம் ப்ளீடர் நிப்பிள் மேல்பக்கம் இருக்கணும். ரெண்டையும் இடம் மாத்தி மாட்டினா போல்ட் எல்லாம் அழகா உக்காரும், ஹோஸ் சேரும், ஆனா நிப்பிள் கீழ வந்துடும், காத்து மேல போய் தங்கிடும். எத்தனை தடவை ஏர் எடுத்தாலும் பெடல் பஞ்சு மாதிரியே இருக்கும், காரணமே புரியாம மாஸ்டர் சிலிண்டரை மாத்தறவங்க இருக்காங்க. டைட் பண்றதுக்கு முன்னாடி ஒரு தடவை நிப்பிளைப் பாருங்க, அவ்வளவுதான்.

பிராக்கெட் போல்ட், பேட், காலிப்பர், பின் போல்ட்னு வரிசையா மாட்டி, எல்லாத்தையும் டார்க் ரெஞ்ச்ல மேனுவல் சொல்ற அளவுக்கு வையுங்க. பாஞ்சோவுக்கு ஹோஸ் முனையோட ரெண்டு பக்கமும் ஒரு புது காப்பர் வாஷர். ஓவரா டைட் பண்ணினா பாஞ்சோ போல்ட் உள்ள ஓட்டை இருக்கறதால முறிஞ்சுடும். ஹோஸ் முறுக்கிக்காம இருக்கான்னு பாத்துட்டு, ஸ்டீயரிங்கை முழு இடது முழு வலது திருப்பி ஹோஸ் டயர்லயோ ஸ்பிரிங்லயோ உரசாம இருக்கான்னு கவனிங்க. கொண்டை ஊசி வளைவுல ஸ்டீயரிங் முழுசா திரும்பும், அங்க உரசற ஹோஸ் கொஞ்ச நாள்லயே தேஞ்சு கிழியும். பெயிண்ட்ல பிரேக் ஆயில் பட்டா உடனே தண்ணி விட்டு கழுவுங்க, பெயிண்டை உரிச்சுடும்.

ஏர் எடுக்கறது

பெடல்ல வச்ச குச்சியை எடுத்துட்டு, ரிசர்வாயரை புது ஆயிலால நிரப்புங்க. வலது பக்க ஸ்டீயரிங் வண்டிக்கு மாஸ்டர் சிலிண்டரும் வலது பக்கம், அதனால தூரத்துல இருந்து கிட்டத்துக்கு: இடது பின், வலது பின், இடது முன், வலது முன். முன்பக்கம் மட்டும்தான் திறந்தீங்க, ரிசர்வாயர் வத்தவே இல்லன்னா இடது முன், அப்புறம் வலது முன் போதும். ஆனா ஆயில் ரெண்டு வருசத்துக்கு மேல பழசுன்னா நாலு வீல்லயும் பழசை வெளிய தள்ளி புதுசு வர வைக்கறதுதான் சரி. பின்பக்கம் எடுக்கறப்ப கவனிக்க ஒண்ணு இருக்கு. நிறைய பிக்கப்புல பின் ஆக்ஸில்ல லோடைப் பாத்து பின் பிரேக் பிரஷரை கூட்டிக் குறைக்கற வால்வு இருக்கும். வண்டி பின்பக்கத்தை தூக்கி ஆக்ஸில் தொங்கினா, லோடே இல்லன்னு நினைச்சு அது ஆயிலை தடுக்கும். அதனால பின் வீல் தரையில இருக்கறப்பவே ஏர் எடுங்க.

ரெண்டு ஆளு வேணும். வீட்டுல தம்பியோ பையனோ யாரையாவது சீட்டுல உக்கார வச்சுக்கங்க. நிப்பிள்ல முதல்ல ரிங் ஸ்பானர், அதுக்கு மேல டியூப், டியூப் முனை ஜாம் பாட்டில்ல ஆயிலுக்குள்ள முங்கியிருக்கணும். கீழ இருந்து நீங்க "மிதி" சொன்னா மெதுவா மூணு நாலு தடவை மிதிக்கணும், "புடி" சொன்னா அழுத்திப் பிடிச்சுக்கணும். அப்ப நிப்பிளை கால் சுத்து திறங்க, டியூப்ல முட்டை முட்டையா காத்து வரும், பெடல் கீழ இறங்கும், அவரு காலை எடுக்கவே கூடாது. நீங்க நிப்பிளை மூடிட்டு "விடு"ன்னு சொன்னதுக்கு அப்புறம்தான் விடணும். மூடறதுக்கு முன்னாடி விட்டுட்டா வெளிக்காத்து உள்ள போய் முதல்ல இருந்து ஆரம்பிக்கணும். இந்த மூணு வார்த்தையை மேல இருக்கறவரு திருப்பிச் சொல்லணும், "புடிச்சுட்டேண்ணா"ன்னு குரல் வந்தா மட்டும் திறங்க.

பழைய வண்டியில பெடலை ஒரேயடியா தரை வரைக்கும் போக விடாதீங்க. மாஸ்டர் சிலிண்டர்ல தினசரி போகாத பகுதியில துரு படிஞ்சிருக்கும், சீல் அங்க போய் உரசினா கிழிஞ்சு நல்லா இருந்த மாஸ்டர் சிலிண்டரும் போயிடும். பெடலுக்கு அடியில ஒரு மரக்கட்டை போட்டு வச்சா கவலையில்ல. அஞ்சாறு மிதிக்கு ஒரு தடவை ரிசர்வாயரைப் பாத்து ஊத்திக்கிட்டே இருங்க. காத்து வர்றது நின்னதும் காலிப்பரை ரப்பர் சுத்தியலால லேசா தட்டுங்க, மூலையில ஒட்டிக்கிட்டு இருக்கற முட்டை கிளம்பும். ஏபிஎஸ் இருக்கற புது வண்டியில ரிசர்வாயர் வத்தி அந்த யூனிட்டுக்குள்ள காத்து போயிட்டா ஸ்கேனர் வச்சு எடுக்கற வேலை ஆயிடும், அதுக்கு சர்வீஸ் சென்டர்தான்.

பாட்டில்ல சேந்த பழைய ஆயிலை மறுபடி ஊத்தக் கூடாது, வீட்டுக்குப் பின்னாடி ஓடையிலயோ சாக்கடையிலயோ கொட்டவும் கூடாது. நம்ம ஓடை எல்லாம் கீழ யாரோ குடிக்கற தண்ணிங்க. மூடி போட்டு, பழைய இன்ஜின் ஆயில் எடுக்கற ஒர்க்‌ஷாப்புல கொடுத்துடுங்க.

வண்டியை நகத்தறதுக்கு முன்னாடி

புது காலிப்பர்ல பிஸ்டன் முழுசா உள்ள இருக்கும், பேட் டிஸ்க்கை தொட்டிருக்காது. ஏர் எடுக்கறப்பவே பெரும்பாலும் வெளிய வந்திருக்கும், இருந்தாலும் பெடல் கெட்டியா நிக்கற வரைக்கும் மிதிச்சுப் பாக்காம கியரே போடாதீங்க. இன்ஜின் ஆஃப்ல நாலஞ்சு தடவை மிதிச்சு, ஒரு நிமிஷம் நல்ல பலத்தோட அழுத்திப் பிடிங்க. மெல்ல மெல்ல கீழ இறங்கினா எங்கயோ கசியுது, இல்ல மாஸ்டர் சிலிண்டர் உள்ளுக்குள்ள விடுது. அப்படியே அழுத்தின காலோட இன்ஜினை ஸ்டார்ட் பண்ணினா பெடல் லேசா ஒரு இறக்கம் இறங்கி நிக்கணும், அது மிதிக்கற பலத்தை கூட்டிக் கொடுக்கற பூஸ்டர் வேலை செய்யறதுக்கு அடையாளம். ஜாயிண்ட் எல்லாத்தையும் காஞ்ச துணியால துடைச்சுட்டு, யாரையாவது பெடலை அழுத்தச் சொல்லி, டார்ச் அடிச்சு ஈரம் தெரியுதான்னு பாருங்க. வீலை மாட்டி நட்டை எதிரெதிரா டைட் பண்ணுங்க, தரையில இறக்கினதும் டார்க் ரெஞ்ச்ல கடைசி டைட்.

முதல் ஓட்டம் ஏத்தத்துல

மலையில இருக்கறவங்களுக்கு இந்த முழு வேலையிலயும் நான் திரும்பத் திரும்ப சொல்றது இதுதான்: புது பிரேக்கை முதல்ல ஏத்தத்துல டெஸ்ட் பண்ணுங்க, இறக்கத்துல இல்ல. பத்து கிலோமீட்டர் வேகத்துல சமதளத்துல நாலு தடவை நிறுத்திப் பாருங்க. அப்புறம் லேசான ஏத்தம் இருக்கற, ட்ராஃபிக் இல்லாத ரோட்டுல போங்க, ஏதாவது பிசகினாலும் மேடே வண்டியை நிறுத்திடும். வீட்டுல இருந்து வெளிய போக இறக்கம்தான் வழின்னா, சமதளம் இருக்கற இடத்துலயே வேலையை வச்சுக்கறதுக்கு அது இன்னொரு காரணம்.

பேடும் டிஸ்க்கும் பழகறதுக்கு, பேட் பெட்டியில வேற மாதிரி சொல்லலன்னா, 50ல இருந்து 20 வரைக்கும் நிதானமா பிரேக் போட்டு வேகத்தைக் குறைங்க, முழுசா நிறுத்தாம. நடுநடுவுல சூடு ஆற கொஞ்ச தூரம் சும்மா ஓட்டுங்க, இப்படி எட்டு பத்து தடவை. சூடா இருக்கறப்ப பெடலை அழுத்திக்கிட்டே நிக்காதீங்க, பேட் அச்சு டிஸ்க்ல ஒட்டிக்கிட்டு அப்புறம் பிரேக் போடறப்ப ஸ்டீயரிங் ஆடும்.

முதல் இறக்கம் லோடு இல்லாம இருக்கட்டும். எந்த கியர்ல ஏறுவோமோ அந்த கியர்லயே இறங்கணும்னு பழைய டிரைவருங்க சொல்றதை மாத்த வேண்டாம், குன்னூர்ல இருந்து பர்லியார் வரைக்கும் வர்ற கொண்டை ஊசி வளைவு எல்லாத்துலயும் இன்ஜின் பிடிச்சுக்கட்டும், பிரேக்கை விட்டு விட்டு போடுங்க. கல்லட்டி 36 வளைவு இறக்கத்தை இதுக்கு தேர்ந்தெடுக்காதீங்க, அது பழகின பிரேக்குக்கே சோதனை. பர்லியார்ல ஓரமா நிறுத்தி, ரெண்டு முன் வீல் பக்கத்துலயும் புறங்கையை தொடாம கிட்ட கொண்டு போய் சூட்டை ஒப்பிட்டுப் பாருங்க. ரெண்டும் ஒரே அளவு சூடுன்னா நல்லது. ஒண்ணு மட்டும் தனியா தகிச்சா, இல்ல கருகின வாசம் வந்தா, நல்லா ஆற விட்டுட்டு அந்தப் பக்க ஸ்லைடு பின், கிளிப், ஹோஸ் மூணையும் மறுபடி பாக்கற வரைக்கும் லோடு ஏத்தாதீங்க.

நூறு கிலோமீட்டருக்குள்ள வீல் நட்டை ஒரு தடவை டைட் பாருங்க. முதல் ஒரு வாரம் தினமும் காலையில வண்டி எடுக்கறதுக்கு முன்னாடி ரிசர்வாயர் லெவலையும், முன் வீல் உள்பக்கத்தையும் ஒரு பார்வை பாருங்க. லெவல் இறங்கியிருந்தா மேல ஊத்தி நிரப்பிட்டு கிளம்பிடாதீங்க. பாஞ்சோ, நிப்பிள், பைப் ஜாயிண்ட்னு வரிசையா துடைச்சுப் பாருங்க, முன்னாடி எல்லாம் காஞ்சிருந்தா பின் டிரம்மை கழட்டி உள்ள வீல் சிலிண்டர் கசியுதான்னு பாருங்க, கசியற இடம் தெரிஞ்சு சரி பண்ற வரைக்கும் வண்டி வாசல்லயே நிக்கட்டும்.